கண்ணுக்குத் தெரியும் வடிகால்

என் உத்தியோக காலம் முழுக்க நான் செய்த வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஓடுகிற தண்ணீருக்கு மூடி போட்டேன்.

தெற்கே ஒரு நகராட்சியில் ஓவர்சீயராகச் சேர்ந்து, பொறியாளராக ஓய்வு பெற்றவள் நான். 34 வருஷத்தில் பெரும்பங்கு மழைநீர் வடிகால் வேலைதான். தெருவோரம் பள்ளம் தோண்டி, கான்கிரீட் போட்டு, மேலே ஸ்லாப் அடுக்க வேண்டும். லெவல் எடுத்து, எஸ்டிமேட் போட்டு, முடிந்த வேலையை எம்-புக் என்ற அளவுப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வைத்தால் தீர்ந்தது. மழைத்தண்ணீர் தெருவில் நிற்கக் கூடாது. கண்ணில் படாமல், வாடை வராமல், வந்த வேகத்தில் போய்விட வேண்டும். எங்கே போக வேண்டும் என்பதற்கு வரைபடத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். நான் வரைந்த அம்புக்குறிகளில் ஆறேழு, ஊர் நடுவே இருந்த ஒரு குளத்தில் போய் முடிந்தன.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் குளத்தில் பெண்கள் துவைத்துக் குளிப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் ஓய்வு பெற்ற ஆண்டில் தண்ணீர் கறுத்து, ஆகாயத்தாமரை மூடி, சுற்றிலும் கம்பிவேலி நின்றது. வேலிக்கு எஸ்டிமேட் போட்டதும் நான்தான். ஊர் பெயர் வேண்டாம். யார் மேலும் பழி போட இதைச் சொல்லவில்லை. நாங்கள் படித்த பாடம் அப்படி. தண்ணீரை மூடும்போது அதன் மேலிருக்கும் அக்கறையையும் சேர்த்து மூடுகிறோம் என்பது எனக்கு உறைத்தது 62ஆவது வயதில், வேறொரு தேசத்தில், ஒரு தோட்டத்தில் நின்றபோது.

என் மகன் இருப்பது அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், சியாட்டிலுக்குத் தெற்கே உள்ள ரென்டன் என்ற ஊரில். போன ஐப்பசியில் பேரனைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே மழை நம் அடைமழை போல் இல்லை. சல்லடையில் சலித்துவிட்ட மாதிரி நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கிறது. ஜன்னலோரமே கதி என்று உட்கார்ந்திருந்த என்னிடம் மருமகள் சொன்னாள்: "அத்தை, பக்கத்துல ஒரு கழிவுநீர் பிளான்ட் இருக்கு. அதை ஒட்டி ஒரு தோட்டம். உங்களுக்குக் கண்டிப்பா பிடிக்கும்."

கழிவுநீர் நிலையத்துத் தோட்டம் என்றால் வாசலில் நாலு குரோட்டன்ஸ், வரிசையாக அரளி. அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

வாட்டர்வொர்க்ஸ் கார்டன்ஸ் என்று பெயர். பரப்பு 8 ஏக்கர். கட்டி முடித்தது 1996இல். வடிவமைத்தவர் லோர்னா ஜோர்டன் என்ற கலைஞர். கிங் கவுன்டி என்ற மாவட்ட நிர்வாகத்தின் சுத்திகரிப்பு நிலையத்தை விரிவாக்கிய காலம் அது. நிலையம் பெருத்தால் அதன் சாலைகளும் வண்டி நிறுத்தும் தளங்களும் பெருகும். அவற்றில் விழுகிற மழை எண்ணெயையும் தூசியையும் வாரிக்கொண்டு ஓடைக்குப் போகும். அதைத் தடுக்கப் படிவுக் குளங்கள் எப்படியும் வெட்டியாக வேண்டும். இன்னொரு பக்கம், அரசுக் கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டைக் கலைக்கு ஒதுக்கும் விதி அந்தக் கவுன்டியில் 1973 முதல் இருக்கிறது. குளத்தைப் பொறியாளர் வெட்டிவிட்டுப் போக, வாசலில் கலைஞர் ஒரு சிலை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஜோர்டன் அந்தக் குளங்களையே தன் படைப்பாக எடுத்துக்கொண்டார். வடிகாலும் ஈரநிலமும் பூங்காவும் கலையும் அங்கே ஒரே பொருள். எது எங்கே முடிகிறது என்று எம்-புக்கில் பிரித்து எழுத என்னால் முடியாது.

தோட்டம் மேட்டிலிருந்து தாழ்வுக்கு இறங்குகிறது. ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். முதல் பகுதிக்கு மேடு என்று வைத்துக்கொள்ளலாம். எரிமலைக் கல் தூண்கள் நிற்கும் நுழைவாயில் அது. ஏழு வயதுப் பேரன் முன்னால் ஓட, நான் குடையோடு பின்னால் போனேன். காலடியில் இரும்பு கிரேட்டிங். அதற்குக் கீழே தடதடவென்று தண்ணீர்.

நின்றுவிட்டேன். நிலையத்தின் சாலைகள், தளங்கள் என்று 50 ஏக்கரில் விழுகிற மழையைச் சேர்த்து பம்ப் வைத்து இங்கே ஏற்றுகிறார்கள். நிமிடத்துக்கு 2,000 கேலன் வரை, அதாவது 7,500 லிட்டருக்குச் சற்று மேல். 9,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று ஒன்றேகால் நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். பெரிய வேலை ஒன்றும் இல்லை, இதைவிடப் பெரிய பம்புகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் ஸ்லாப் போட்டிருக்கக்கூடிய இடத்தில் ஜோர்டன் அம்மா ஜன்னல் வைத்திருக்கிறார். இந்த நுழைவாயில் வழியாக வரும் யாரும் முதலில் அழுக்குத் தண்ணீரின் மேல் நடந்துதான் உள்ளே போக முடியும். அதன் சத்தம் செருப்பு வழியாக ஏறுகிறது.

அடுத்த பகுதிக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரைத் தமிழில் புனல் என்றுதான் சொல்ல வேண்டும். எண்ணெய் ஊற்றுகிற புனல்தான். நம் மொழியில் அதே சொல்லுக்கு ஆற்றுநீர் என்றும் பொருள் உண்டு; ஆங்கிலத்தில் பெயர் வைத்தவருக்குக் கிடைக்காத சௌகரியம் அது. இலை வடிவத்தில் குளங்கள் அடுக்கடுக்காக இறங்குகின்றன. நடைபாதை காம்பு போல அவற்றைக் கோத்துக்கொண்டு போகிறது. தோட்டத்தின் முழு வரைபடத்தையும் பார்த்தால் பூத்து நிற்கும் ஒரு செடி தெரியும். மொத்தம் 11 குளங்கள்.

இவற்றில் நடப்பதற்குப் பெரிய சூத்திரம் ஏதும் இல்லை. எங்கள் ஆச்சி குளத்துத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து, பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசி, ஊற்றி வைத்துவிட்டுக் காத்திருப்பாள். கலங்கல் அடியில் போய் உட்கார்ந்துவிடும். ரென்டனில் கொட்டை இல்லை, காத்திருத்தல் மட்டும் உண்டு. ஓடுகிற தண்ணீர் அகலமான குளத்துக்குள் வந்ததும் வேகம் விட்டுப்போகிறது. வேகம் போனால் சுமக்கும் சக்தியும் போகிறது. மணல் உடனே இறங்கும். வண்டல் மெல்ல இறங்கும். மாவு போன்ற நுண்துகள் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் மிதந்துவிட்டுத்தான் இறங்கும்.

அந்த மாவைத்தான் பிடிக்க வேண்டும். டயர் தேய்ந்து வரும் துத்தநாகமும் பிரேக் கட்டையிலிருந்து உதிரும் செம்பும் கணிசமாக நுண்துகளோடு ஒட்டிக்கொண்டு பயணம் செய்கின்றன. ரென்டன் இருக்கும் வாஷிங்டன் மாநிலம் 2010இல் பிரேக் கட்டைகளில் செம்பைக் குறைக்கத் தனிச் சட்டமே போட்டது. காரணம் சால்மன் மீன். தண்ணீரில் மிகக் கொஞ்சம் செம்பு கரைந்திருந்தாலும் அதன் மோப்ப சக்தி கெட்டுவிடும். பிறந்த ஓடைக்கு வழி கண்டுபிடிக்க அதற்கு மோப்பம்தான் துணை.

செடிகள் தண்ணீரைச் சுத்தம் செய்கின்றன என்று சொல்வார்கள். பாதி உண்மை. கோரையும் நாணலும் அடர்ந்து நின்று தண்ணீரின் காலைக் கட்டுகின்றன. அது முதல் உதவி. தண்ணீருக்குள் இருக்கும் தண்டைத் தடவிப் பாருங்கள், வழவழவென்று ஒரு பாசிப் படலம் இருக்கும். அந்தப் படலத்தில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் எண்ணெயையும் மற்ற அழுக்கையும் தின்று செரிக்கின்றன. செடி அவற்றுக்கு வீடு கொடுக்கிறது, வேருக்குக் காற்றைக் கொண்டுபோகிறது, கொஞ்சம் சத்தைத் தானும் உறிஞ்சிக்கொள்கிறது. கழிவுநீர் நிலையத்தின் காற்றோட்டத் தொட்டியில் மின்சாரம் செலவழித்து நாம் வளர்ப்பதும் இதே மாதிரி உயிர்களைத்தான்.

மூன்றாவது பகுதி ஒரு குகை. விதைநெற்று போன்ற வடிவம். செதுக்கிய கான்கிரீட் சுவர், அதில் பதித்த கல்லும் ஓடும், கசிந்து சொட்டும் தண்ணீர், உட்கார இடம். சுத்திகரிப்புக்கு இந்தக் குகையால் ஒரு சொட்டுப் பயனும் இல்லை. என் மேஜைக்கு வந்திருந்தால் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, தேவையற்ற செலவு என்று எழுதியிருப்பேன். அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மதிய உணவுப் பொட்டலத்தோடு ஒருவர் வந்தார், சாப்பிட்டார், போனார். அவர் நாளைக்கும் வருவார். தண்ணீர் நாறினால் முதலில் அவர் மூக்குக்குத் தெரியும், குளம் வற்றினால் அவர் கண்ணுக்குத் தெரியும். என் ஊர்க் குளம் நாறத் தொடங்கிய நாளை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் அங்கே உட்கார யாரும் வருவதில்லை. அந்தக் குகைக்கு ஆன செலவை இப்போது நான் கண்காணிப்புச் செலவு என்றுதான் எழுதுவேன்.

அதற்கப்புறம் வட்டக் குளங்களை ஒட்டி ஒரு வழிநடை. கடைசிப் பகுதிக்கு விடுதலை என்று பெயர். குளங்களைக் கடந்த தண்ணீர் அங்கே கீழே உள்ள ஈரநிலத்தில் பரவி, ஸ்பிரிங்புரூக் என்ற ஓடையில் சேர்கிறது.

அந்த இடத்தின் பழைய கதை தெரிந்தபின் விடுதலை என்ற பெயர் எனக்கு வேறு மாதிரி கேட்டது. பக்கத்திலேயே பிளாக் ரிவர் என்ற ஆறு இருந்தது. வாஷிங்டன் ஏரியிலிருந்து புறப்பட்டு, டுவாமிஷ் பழங்குடி மக்களின் ஊர்கள் வழியாக, சால்மன் ஏறிவரும் ஆறாக இருந்தது. 1916இல் கப்பல் போக்குவரத்துக்காக ஏரியிலிருந்து கடலுக்குப் புதிய கால்வாய் வெட்டித் திறந்தார்கள். ஏரி மட்டம் ஏறக்குறைய 9 அடி இறங்கியது. ஏரியின் பழைய வாய் மேலே நின்றுவிட்டது, ஆறு வற்றிப்போனது. இப்போது மிச்சமிருப்பது ஒரு துண்டு நீர்நிலையும் அதைச் சுற்றிய காடும்தான். அங்கே பெரிய நீல நாரைகள் கூடு கட்டுகின்றன. ஒரு மனிதத் தீர்மானத்தால் ஆறு செத்த இடத்துக்குப் பக்கத்தில், இன்னொரு மனிதத் தீர்மானத்தால் ஈரநிலம் பிறந்திருக்கிறது. முன்னதை இது ஈடுகட்டாது. அந்த மக்களுக்கு ஆற்றைத் திருப்பித் தராது. ஆனாலும் நாரைக்கு மேய ஓர் இடம்.

ரென்டன் நிலையத்தின் பிறப்பும் ஓர் ஏரியோடு சேர்ந்ததுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வாஷிங்டன் ஏரியைச் சுற்றி ஊர்கள் பெருகின. எல்லா ஊரும் சுத்திகரித்த கழிவுநீரை ஏரியில் விட்டன. சுத்திகரித்ததுதான், ஆனால் பாஸ்பரஸ் அதில் அப்படியே இருந்தது. பாசிக்கு அது உரம். 1955இல் பல்கலைக்கழக உயிரியலாளர் எட்மண்ட்சனின் குழு, ஏரி கெடப்போவதற்கு அடையாளமான ஒரு பாசியை அங்கே கண்டது. 1958இல் மக்கள் வாக்களித்து, ஊர் எல்லைகளைத் தாண்டிய ஒரு கழிவுநீர் அமைப்பை உண்டாக்கினார்கள். ரென்டன் நிலையம் 1965இல் திறந்தது. 1964இல் ஏரித் தண்ணீரில் 30 அங்குல ஆழம் வரைதான் கண் போனது. கழிவுநீர் முழுவதும் திருப்பிவிடப்பட்ட 1968இல் 10 அடி வரை தெரிந்தது. குழாயில் வருகிற அழுக்கைத் தடுத்தால் ஏரி எவ்வளவு சீக்கிரம் பிழைக்கும் என்பதற்கு உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் சொல்லும் உதாரணம் இது.

குழாய்க்கு ஒரு வாய் இருக்கிறது, அதைத் திருப்பலாம். மழைநீருக்கு ஆயிரம் வாய்கள். ஒவ்வொரு கூரையும் ஒவ்வொரு தெருவும் ஒரு வாய். அதனால்தான் இந்த வேலை இன்னும் முடியவில்லை.

கோஹோ என்ற சால்மன் வகை இலையுதிர் கால மழையில் கடலிலிருந்து தான் பிறந்த ஓடைக்கு ஏறி வரும். சியாட்டிலைச் சுற்றிய நகர ஓடைகளில் அது முட்டையிடும் முன்பே, வயிறு நிறைய முட்டையோடு செத்து மிதந்தது. பல வருஷம் காரணம் தேடினார்கள். டயர் ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து வேறொரு நஞ்சாக மாறுகிறது, அதுதான் கொல்கிறது என்று 2020 டிசம்பரில் சயின்ஸ் இதழில் வாஷிங்டன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மீனைக் கொன்ற அதே சாலைத் தண்ணீரை மணல், மக்கு, மரப்பட்டை கலந்த ஒரு தொட்டி வழியாக வடித்து விட்டால் மீன் சாகவில்லை என்று அதற்கு முன்பே செய்து காட்டியிருந்தார்கள். ஒரு தொட்டி மண்! மண்ணின் மேல் ஸ்லாப் போட்டே காலத்தைக் கழித்தவளுக்கு இதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை.

மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ரென்டன் இருக்கும் அதே பள்ளத்தாக்கில் உள்ள கென்ட் என்ற ஊருக்கு அழைத்துப் போனான். அங்கே மில் கிரீக் ஓடை மலையிடுக்கிலிருந்து வெளிவரும் இடத்தில் ஒரு மண்வேலை இருக்கிறது, 1982இல் முடிந்தது. செய்தவர் ஹெர்பர்ட் பேயர். ஆஸ்திரியாவில் பிறந்து, ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌஹவுஸ் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியராக இருந்தவர். புல் போர்த்திய கூம்பு, வளையம் வளையமாகக் கரை, மரப்பாலம். பேரன் கூம்பின் மேல் உருண்டு விளையாடினான். பெருமழையில் அந்தப் பள்ளங்கள் நிறையும், வெள்ளத்தைத் தேக்கிவைத்து மெல்ல விடும். அழகான இடம். ஆனால் அதன் முதல் வேலை வெள்ளத்தின் அளவைக் கட்டுவது. தண்ணீரின் அழுக்கைப் பற்றிய கேள்வியை அது பெரிதாக எழுப்பவில்லை. அதற்கும் ரென்டனுக்கும் நடுவே இருக்கும் 14 வருஷத்தில் கேள்வி வளர்ந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

கேள்வியை வளர்த்தவர்கள் வேறு இடங்களிலும் இருந்தார்கள். டெக்சாஸின் டல்லஸ் நகரில் ஃபேர் பார்க் என்ற கண்காட்சித் திடலின் குளம், ஒவ்வொரு மழையிலும் புல்வெளி உரம் வழிந்து வந்து பாசி பிடித்துக் கிடந்தது. பாட்ரிசியா ஜோஹன்சன் 1981 முதல் 1986 வரை அதில் வேலை செய்தார். அந்த மண்ணுக்குரிய ஒரு நீர்ச்செடியின் வேர்களையும் ஒரு பெரணியின் இலைகளையும் பெரிதாக்கி, செம்மண் நிறக் கான்கிரீட்டில் தண்ணீர் மேல் நடைபாதைகளாக முறுக்கிவிட்டார். கரையோரம் நாட்டுச் செடிகளை நட்டார். மீனும் ஆமையும் பறவையும் வந்து சேர்ந்தன. சீனாவின் செங்டு நகரில் 1995இல் யின் ஷியுஜென் என்ற கலைஞர், கெட்டுப்போன ஆற்றின் தண்ணீரில் 10 கன மீட்டரை உறையவைத்துப் பனிக்கட்டிகளாக ஆற்றங்கரையில் அடுக்கி, தூரிகையும் நல்ல தண்ணீரும் கொடுத்து, வழிப்போக்கர்களைக் கழுவச் சொன்னார். மக்கள் கழுவினார்கள், கட்டி கரையும் வரை. மூன்று வருஷம் கழித்து அதே ஊரில் பெட்சி டேமன் என்ற அமெரிக்கக் கலைஞரின் முயற்சியில், ஆற்று நீரை ஏற்றிச் செடிக்குளங்கள் வழியாகத் தெளியவைக்கும் ஒரு பூங்கா திறந்தது. அதன் வரைபடம் மீன் வடிவம்.

என்னை உறுத்தும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். குளம் என்றால் தூர் உண்டு. அழுக்கு மாயமாகிவிடுவதில்லை, குளத்தின் அடியில் போய் உட்காருகிறது, அவ்வளவுதான். ரென்டனிலும் அந்தப் பள்ளத்தாக்கிலும் பிளாக்பெரி முட்கொடி விட்ட இடமெல்லாம் படர்ந்து நாட்டுச் செடிகளை அமுக்கும். அதை வெட்ட ஆள் வேண்டும், வண்டலை அள்ள ஆள் வேண்டும், அள்ளிய வண்டலைக் கொட்ட ஒழுங்கான இடம் வேண்டும், இவை எல்லாவற்றுக்கும் வருஷா வருஷம் பணம் வேண்டும். திறப்பு விழாவோடு மறந்துபோனால் எந்தக் கலையும் மூன்றே மழைக்காலத்தில் சேறாகும். பேரன் முதல் குளத்தின் ஓரத்தில் குச்சியை விட்டுப் பார்த்தான். கறுப்பாக வந்தது. "ஆச்சி, இது யாரு எடுப்பா?" என்றான். சரியான கேள்வி. இந்தியா திரும்பும் விமானத்தில் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஊருக்கு வந்ததும் கிராஃப் தாள் எடுத்து ஒரு படம் வரைந்தேன். என் பழைய வடிகால்களில் ஒன்று குளத்தில் விழுவதற்கு முன் கடைசி 40 மீட்டர். அந்த நீளத்துக்கு ஸ்லாப்பை எடுத்துவிட்டு, நடப்பதற்குக் கிரேட்டிங். அதற்கப்புறம் கோரை நட்ட மூன்று சின்னக் குளங்கள், அடுத்தடுத்துத் தாழ்வாக. முதல் குளத்துக்கு மட்டும் வண்டி இறங்கும் சரிவு, தூர் அள்ள. மூன்றாவது குளத்தின் கரையில் ஒரு கல்திண்ணை. என்னிடம் வேலை பழகி இப்போது அதே நகராட்சியில் பொறுப்பில் இருக்கும் தம்பிக்குப் படத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். "மேடம், பார்த்தேன். லெவல் எல்லாம் சரியா வருது. ஒண்ணு மட்டும் புரியல. இதை எந்த பட்ஜெட் ஹெட்ல போடுறது? பூங்காவா, வடிகாலா?"

"வடிகால்லயே போடுங்க தம்பி."

"திண்ணையையுமா?"

"திண்ணையையும்தான். முதல்ல அதைப் போடுங்க. கிரேட்டிங் எத்தனை சதுர மீட்டர் வருதுன்னு நான் கணக்குப் போட்டு அனுப்புறேன்."

போனை வைத்துவிட்டு ஸ்கேலைத் தேடினேன்.